வயதான நாய்க்குக் காது கேட்காமல் போகும்போது: வீட்டார் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

தெருமுனையில் உங்கள் வண்டிச் சத்தம் கேட்டதுமே வாசலுக்கு ஓடிவந்து நின்ற நாய், இப்போது நீங்கள் கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து விளக்கைப் போட்ட பிறகும் கூடத்தில் உறங்கிக்கொண்டிருக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் சில வேளை திரும்பிப் பார்க்கிறது. சில வேளை பார்ப்பதில்லை. வீட்டில் இருப்பவர்கள் இதை முதலில் அடம் என்றும், பிறகு பாசம் குறைந்துவிட்டது என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். எட்டு, பத்து வயதைத் தாண்டிய நாயாக இருந்தால், அதன் செவித்திறன் குறையத் தொடங்கியிருக்க வாய்ப்பு மிகுதி. முதுமையில் வரும் இந்தக் குறைபாட்டை மருந்தால் திருப்பிவிட முடியாது. ஆயினும் வீட்டார் தங்கள் பழக்கங்களில் சிலவற்றை மாற்றிக்கொண்டால், அந்த நாய் எஞ்சிய ஆண்டுகளை அச்சமின்றி நிம்மதியாகக் கழிக்க முடியும். முதல் முறையாக இந்த நிலையைச் சந்திப்பவர்கள் என்ன வரிசையில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும். நாயின் காது ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது. உட்செவியில் காக்ளியா என்னும் சுருள் குழலுக்குள் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள்தாம் ஒலியின் அதிர்வை நரம்புக்குரிய மின்சைகையாக மாற்றுகின்றன. வயது ஏறும்போது இவை ஒவ்வொன்றாக அழிகின்றன. நாய்க்கும் சரி, மனிதருக்கும் சரி, அழிந்த செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. நடுத்தர, உயர் சுருதி ஒலிகள்தாம் பொதுவாக முதலில் மங்குகின்றன. கனத்த, தாழ்ந்த ஒலிகள் அதன் பின்னும் பல காலம் கேட்கும்.

இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் வீட்டில் நடக்கும் பல குழப்பங்கள் விளங்கிவிடும். சாவிக்கொத்துச் சத்தமும் பிஸ்கட் உறையின் சரசரப்பும் கேட்காத அதே நாய், கதவு அடித்துச் சாத்தப்படும்போது தலையைத் தூக்குகிறது. குழந்தையின் மெல்லிய குரலுக்கு வராமல், தாத்தாவின் கட்டைக் குரலுக்கு எழுந்து வருகிறது. “தாத்தா கூப்பிட்டால் மட்டும் வருகிறது, நான் கூப்பிட்டால் வருவதில்லை” என்று வருந்தும் பிள்ளையிடம், அந்த நாய் யாரையும் ஒதுக்கவில்லை, அதன் காதுக்கு எட்டும் குரல்தான் குறைந்துவிட்டது என்று சொல்லிப் புரியவையுங்கள். சற்றே அருகில் சென்று குரலைத் தாழ்த்திப் பேசினால் அதற்கு இன்னும் சில காலம் கேட்கலாம். கத்துவதால் பயன் குறைவு. கத்தும்போது நம் முகமும் உடலும் இறுகுவதை அது பார்த்து, நாம் கோபமாக இருக்கிறோம் என்று ஒதுங்கிப் போகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

நாய் விழித்திருந்து, உங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் முகம் வைத்திருக்கும்போது, அதற்குப் பின்னால் சில அடி தள்ளி நின்று ஒலி எழுப்பிப் பாருங்கள். கைதட்டல், விசில், சாவிக்கொத்து, கரண்டியால் கிண்ணத்தைத் தட்டுதல் எனச் சுருதி மாறும் ஒலிகளாக இருக்கட்டும். காது மடல் அசைகிறதா, தலை திரும்புகிறதா என்று கவனியுங்கள். தரையில் காலைத் தட்டக் கூடாது. நாய் அதிர்வை உணர்ந்து திரும்பினால் அது கேட்டதாக நாம் தவறாக முடிவு செய்துவிடுவோம். மின்விசிறியின் காற்று உங்கள் பக்கத்திலிருந்து வீசினால் உங்கள் வாடையைக் கொண்டும் அது திரும்பக்கூடும். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதை வேறு அறையில் விட்டுவிடுங்கள். துணை நாய் எழுந்தால் இதுவும் எழும். இந்தப் பழக்கத்தினாலேயே இரண்டு நாய்கள் உள்ள வீடுகளில் காது மந்தம் வெகு நாள் தெரியாமல் போகிறது.

ஒலி கேட்டதும் நாய் எழுந்து, தவறான திசையில் தேடினால், ஒரு காது மற்றதைவிடக் கூடுதலாகப் பழுதாகியிருக்கலாம். ஒலி வரும் திசையை அறிய இரண்டு காதுகளும் வேண்டும். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் நன்றாகக் கேட்கும் நாய்கூடச் சலித்துப்போய்ப் பொருட்படுத்தாது. ஆகையால் சோதனையைச் சுருக்கமாக முடித்து, வேறு நாளில் மீண்டும் செய்யுங்கள்.

முதுமை என்று முடிவு கட்டும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வயதான நாய்க்குக் காது கேட்காததெல்லாம் முதுமையால் வருவதில்லை. நாயின் செவிக்குழல் நேராக உள்ளே போகாமல், முதலில் கீழ்நோக்கி இறங்கிப் பின் உட்புறமாக வளைகிறது. அந்த வளைவில் அழுக்கும் ஈரமும் தேங்கிப் பூஞ்சையும் பாக்டீரியாவும் எளிதில் பெருகும். சென்னையைப் போன்ற புழுக்கமான ஊர்களில், காது மடல் தொங்கும் லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல் போன்ற இனங்களுக்கு இது அடிக்கடி வரும் தொல்லை. தலையை உதறுவது, காதைச் சொறிவது, துர்நாற்றம், பழுப்பு நிறக் கசிவு, காதைத் தொட்டால் முனகுவது ஆகியவை இருந்தால் அது பெரும்பாலும் தொற்று. உரிய சிகிச்சை கிடைத்தால் செவித்திறன் ஓரளவோ முழுமையாகவோ மீளலாம். ஓரிரு நாளில் திடீரெனக் காது கேட்காமல் போனாலும், தலை ஒரு பக்கம் சாய்ந்தாலும், நடை தள்ளாடினாலும் தாமதிக்க வேண்டாம். முதுமைக் காது மந்தம் மாதக்கணக்கில் மெல்ல வருவது. திடீரென வருவதற்கு வேறு காரணம் இருக்கும்.

மருத்துவரைப் பார்க்கும் வரை காதில் எதையும் ஊற்றாதீர்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், வெதுவெதுப்பான தேங்காயெண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு என வீட்டு வைத்தியங்கள் பல சொல்லப்படுகின்றன; செவிப்பறை கிழிந்திருந்தால் ஊற்றியதெல்லாம் நடுச்செவிக்குள் இறங்கிவிடும். பஞ்சு சுற்றிய குச்சி, அழுக்கை வளைவுக்கு அப்பால் தள்ளி அடைத்துவிடும். பழைய சொட்டு மருந்துப் புட்டி வீட்டில் இருந்தாலும் அதை நீங்களாகப் பயன்படுத்தக் கூடாது. ஜென்டாமைசின், நியோமைசின் போன்ற மருந்துகள் உட்செவியை எட்டினால் நுண்மயிர்ச் செல்களையே அழிக்கக்கூடியவை. செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே மருத்துவர் அவற்றை எழுதித் தருவார்.

செவித்திறனை உறுதியாக அளக்க பேயர் என்னும் சோதனை உண்டு. காதில் சிறு ஒலிகளைச் செலுத்தி, தலைத்தோலின் கீழ் செருகிய மெல்லிய ஊசி மின்முனைகள் வழியாக மூளைத்தண்டின் எதிர்வினையைப் பதிவு செய்வார்கள். எல்லா மருத்துவமனைகளிலும் இந்தக் கருவி இருக்காது. முதிய நாயின் காது மந்தத்துக்கு இது கட்டாயமும் இல்லை. மருத்துவர் கருவி கொண்டு செவிக்குழலையும் செவிப்பறையையும் பார்த்து, வேறு காரணங்களை விலக்கிவிட்டால் போதுமானது. மனிதர் அணிவது போன்ற காதொலிக் கருவிகளை நாய்களுக்குப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். காதில் ஒரு பொருள் இருப்பதையே பெரும்பாலான நாய்கள் பொறுத்துக்கொள்வதில்லை என்பதால் அது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை.

மருத்துவரிடம் போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள். முதிய நாய்களுக்கு மூளைத் திறன் குறைவதும் உண்டு. அத்தகைய நாய் சுவரை வெறித்துப் பார்க்கும், மூலையில் மாட்டிக்கொண்டு வெளியேற வழி தெரியாமல் நிற்கும், இரவில் நடந்துகொண்டே இருக்கும், பழகிய வீட்டில் கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும். காது மட்டும் கேட்காத நாய், விழித்து உங்களைப் பார்த்துவிட்டால் முன்பு போலவே நடந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால், நீங்கள் கண்ட மாற்றங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது நல்லது. கைப்பேசியில் எடுத்த ஒரு சிறு காணொலி அதைவிட நல்லது.

உறங்கும் நாயை எழுப்பும் முறை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வீட்டில் உள்ள அனைவரும் படிக்க வேண்டும் என்றால், அது இதுதான். காது கேட்கும் நாய், உறக்கத்திலும் காலடி ஓசையைக் கேட்டு, நாம் தொடும் முன்பே பாதி விழித்துவிடும். காது கேட்காத நாய்க்கு அந்த முன்னறிவிப்பு இல்லை. ஆழ்ந்த உறக்கத்தில் திடீரென ஒரு கை முதுகில் பட்டால், யார் என்று உணரும் முன்பே அது திரும்பிக் கடிக்கக்கூடும். அதுவரை யாரையும் கடிக்காத சாதுவான நாயும் இதைச் செய்யும். பிறகு அதை வெறி பிடித்த நாய் என்று சொல்லிக் கட்டிவைப்பதும், வீட்டை விட்டு அனுப்புவதும் நடக்கின்றன. முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடிய துயரம் இது.

எழுப்பும்போது முகத்தின் பக்கமாகச் செல்லுங்கள். அது படுத்திருக்கும் விரிப்பின் ஓரத்தை மெல்ல அழுத்துங்கள். அல்லது கையை மூக்கின் அருகே சற்று நேரம் வைத்திருங்கள். வாடை எட்டியதும் பெரும்பாலான நாய்கள் தாமாகக் கண் திறக்கும். அப்படியும் எழாவிட்டால், தோள்பட்டையை விரல்களால் மென்மையாகத் தொட்டு, கண் திறந்த கணத்திலேயே ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். வால், பின்னங்கால், வயிறு ஆகியவற்றைத் தொட்டு எழுப்ப வேண்டாம். முதிய நாய்க்கு இடுப்பிலும் மூட்டிலும் வலி இருக்கலாம்.

இதை ஒரு பயிற்சியாகவே செய்யலாம். முதலில் நாய் விழித்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோளைத் தொட்டு, உடனே தின்பண்டம் கொடுங்கள். சில நாள் கழித்து, அது வேறு பக்கம் பார்க்கும்போது தொட்டுக் கொடுங்கள். அதன் பிறகு, அரைத்தூக்கத்தில் இருக்கும்போது. எதிர்பாராத தொடுகை என்றாலே நல்லது ஏதோ வருகிறது என்று அதன் மனத்தில் பதிந்துவிட்டால், திடுக்கிட்டாலும் பல்லைக் காட்டாது.

படுக்கும் இடத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். நம் வீடுகளில் வயதான நாய்கள் குளிர்ச்சிக்காக நிலைப்படியிலோ நடை வழியிலோ படுத்துக்கொள்ளும். போவோர் வருவோர் தாண்டிச் செல்வார்கள், சில வேளை இருட்டில் மிதித்தும் விடுவார்கள். பின்னால் சுவர் இருக்கும்படியும், கண் திறந்தால் கதவு தெரியும்படியும் உள்ள ஒரு மூலையில், விசிறிக் காற்று படும் இடத்தில் அதன் விரிப்பைப் போடுங்கள். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் முதிய கால்கள் வழுக்கும் என்பதால், அங்கிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை ரப்பர் விரிப்பு இட்டால் இன்னும் நல்லது.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் விதி ஒன்றே: உறங்கும் நாயைத் தொடக் கூடாது, எழுப்ப வேண்டும் என்றால் பெரியவரை அழைக்க வேண்டும். விடுமுறைக்கு வரும் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, வந்து பையை இறக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். ஆண்டுதோறும் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். ஒருவேளை பல் பட்டுவிட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சொல்லுக்குப் பதில் சைகை: இன்றே தொடங்குங்கள்

நாய்கள் இயல்பாகவே நம் சொற்களைவிட நம் உடலசைவுகளைக் கூர்ந்து கவனிப்பவை. ஆகையால் முதிய நாய்க்குச் சைகை கற்றுத்தர முடியாது என்று தயங்க வேண்டாம். ஆனால் காலம் முக்கியம். இன்னும் கொஞ்சம் காது கேட்கும்போதே தொடங்கினால், அதற்குத் தெரிந்த சொல்லோடு புதிய சைகையை எளிதில் இணைத்துவிடலாம். முழுதும் கேட்காமல் போன பிறகும் கற்கும். தின்பண்டத்தைக் கையில் வைத்து ஒவ்வொன்றையும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும், அவ்வளவே.

வரிசையைக் கவனியுங்கள். சைகை முதலில், சொல் அதற்குப் பின். உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்திக் காட்டி, ஒரு நொடி கழித்து “உட்கார்” என்று சொல்லி, உட்கார்ந்ததும் தின்பண்டம் கொடுக்க வேண்டும். சில நாளில் சொல்லுக்குக் காத்திராமல் கையைப் பார்த்தே உட்காரும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால், நாய் தனக்குப் பழகியதையே பிடித்துக்கொண்டு புதியதைக் கவனிக்காமல் விடும்.

நான்கைந்து சைகைகள் போதும். “வா” என்பதற்குக் கையை அகல விரித்து மார்புக்குக் கொண்டுவருதல். “இரு” என்பதற்கு உள்ளங்கையை முன்னால் நீட்டிக் காட்டுதல். “சாப்பாடு” என்பதற்கு ஒன்று. “முடிந்தது, போகலாம்” என்பதற்கு ஒன்று. இவற்றோடு “நல்ல பிள்ளை” என்பதற்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாராட்டுக்குரிய சைகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குரலின் இனிமையைக் கேட்டு வாலாட்டி வாழ்ந்த ஒரு விலங்குக்கு, தான் சரியாகச் செய்தோம் என்று தெரிவிக்கும் வழி அடைபட்டுவிட்டால் அது மெல்ல ஒடுங்கிப்போகும். கட்டை விரலை உயர்த்தியதும் தின்பண்டம் வரும் என்று பழக்கிவிட்டால், பிறகு அந்த விரலும் உங்கள் சிரித்த முகமும் போதும்.

சைகைகள் பெரிதாகவும், ஒன்றுக்கொன்று வேறுபட்டும், ஒரே கையால் செய்யக்கூடியவையாகவும் இருக்க வேண்டும். மறு கையில் கயிறு இருக்கும். வயதான நாய்களின் கண்ணில் நீலம் படர்ந்த மங்கல் தெரிவது இயல்பு. அதனால் பார்வை பெரிதும் கெடுவதில்லை. கண்புரை வந்தால் பார்வை குறையும். எப்படியாயினும், உங்கள் மேல் வெளிச்சம் படும் இடத்தில் நில்லுங்கள்; சன்னலுக்கு முன்னால் நின்றால் அதற்கு உங்கள் நிழலுருவம் மட்டுமே தெரியும். பார்வையும் போய்க்கொண்டிருந்தால், தோளில் ஒரு தட்டு “வா”, இடுப்பில் ஒரு தட்டு “உட்கார்” எனத் தொடுகையையே மொழியாக்கலாம்.

உணவு வேளைக்கு முன், ஐந்து நிமிடம் போல, நாளுக்கு இரண்டு மூன்று முறை பயிற்சி கொடுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு, கேரட், சிறு பனீர்த் துண்டு ஆகியவை ஏற்ற தின்பண்டங்கள். உலர்திராட்சை கைக்கு எளிதாகக் கிடைக்கும் என்று கொடுத்துவிடாதீர்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டார் எல்லாரும் ஒரே சைகையைப் பயன்படுத்துவது கட்டாயம்.

சைகை தெரிந்தாலும், நாய் உங்களைப் பார்த்தால்தானே பயன்? அதனால், தானாக உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஏதேனும் கொடுங்கள். சில வாரங்களில் நடக்கும்போதும் விளையாடும்போதும் அடிக்கடி உங்களை நோக்கித் திரும்பும் பழக்கம் வந்துவிடும். தூரத்தில் இருக்கும் நாயை அழைக்க, மாலையில் வாசல் விளக்கை இரண்டு முறை போட்டு அணைக்கலாம். பகலில் அதன் பார்வை வட்டத்துக்குள் கையை அகல வீசலாம். தரையைத் தட்டுவது மரத்தளம் உள்ள வீடுகளில் நன்கு பயன்படும். நம் சிமெண்ட், கிரானைட் தரைகளில் அதிர்வு அவ்வளவாகப் பரவாது. லேசர் ஒளியைப் பயன்படுத்தாதீர்கள். அதைத் துரத்தும் வெறி சில நாய்களுக்கு நோயாகவே ஆகிவிடும். கைப்பேசி போல அதிரும் கழுத்துப்பட்டைகள் கிடைக்கின்றன. அதிர்ந்ததும் உங்களைப் பார்த்தால் தின்பண்டம் என்று வீட்டுக்குள் பல நாள் பழக்கிய பிறகே வெளியில் பயன்படுத்த வேண்டும். மின்னதிர்ச்சி தரும் பட்டையை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள்.

வாசல், வண்டி, தெரு

வீட்டுக் காரின் அடியில் படுத்து உறங்குவது நம் ஊர் நாய்களின் வழக்கம். இளமையில் இன்ஜின் சத்தம் கேட்டதும் எழுந்து விலகிய நாய், இப்போது எழாது. வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் குனிந்து அடியில் பாருங்கள். நாய் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள். ஓட்டுநர், தண்ணீர் லாரிக்காரர், விருந்தினர் ஆகியோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். சமையலறையில் கொதிக்கும் பாத்திரத்தோடு திரும்பும்போது காலடியில் அது நிற்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வழிவிடச் சொன்னால் அதற்குக் கேட்காது.

வெளியே போகும்போது கயிறு கழலவே கூடாது. எத்தனை ஆண்டு கயிறின்றிப் பழகிய நாயாக இருந்தாலும், பின்னால் வரும் இருசக்கர வாகனம் அதற்குத் தெரியாது. சத்தமே இல்லாத மின்சார ஸ்கூட்டர்கள் நமக்கே தெரிவதில்லை. கழுத்தை நெரிக்காமல் மார்பைச் சுற்றிப் பூட்டும் ஹார்னஸ் முதிய உடலுக்கு ஏற்றது. திறந்த மைதானத்தில் ஐந்து முதல் பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டி விடலாம். தெரு நாய்களின் உறுமல் இதற்குக் கேட்காது. ஆகவே எச்சரிக்கையை மதிக்காமல் நெருங்கிப்போய்ச் சண்டையில் சிக்கும். நீங்கள்தாம் முன்கூட்டியே பார்த்து வழியை மாற்ற வேண்டும். கழுத்துப்பட்டைத் தகட்டில் “எனக்குக் காது கேட்காது” என்று எழுதி உங்கள் கைப்பேசி எண்ணையும் பொறித்துவிடுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது, உறங்குகிறதே என்று ஓசைப்படாமல் போய்விடாதீர்கள். விழித்தெழுந்து ஒவ்வோர் அறையாகத் தேடி ஓலமிடும். மெல்ல எழுப்பி, போகிறேன் என்பதற்கு ஒரு சைகை காட்டிவிட்டுப் போங்கள். நீங்கள் உடுத்திய துணி ஒன்றை அதன் விரிப்பில் விட்டுச் செல்லுங்கள்.

தீபாவளிக்கு, இந்த ஆண்டு அதற்குக் கேட்காது என்று வெளியில் விட்டுவிட வேண்டாம். வெடியின் தாழ்ந்த ஒலியும் தரை அதிர்வும் ஒளிவெட்டும் அதை எட்டும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாததால் பயம் கூடலாம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, உள்ளறையில் யாராவது கூட இருங்கள்.

முதிய பூனைக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். காது மந்தமான பூனை இரவில் உரக்கக் கத்தும். ஆனால் தைராய்டு மிகுதியும் உயர் இரத்த அழுத்தமும் அதே அறிகுறியைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் இரத்த அழுத்தத்தை அளப்பதும் அவசியம். அதை வெளியே விடுவதை நிறுத்திவிடுங்கள்.

நாயை உறவினரிடமோ காப்பகத்திலோ விட்டுவிட்டு ஊருக்குப் போக நேர்ந்தால், எழுப்பும் முறை, ஒவ்வொரு சைகையும் அதன் பொருளும், உணவு நேரம், மருந்து, மருத்துவரின் எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். புறப்படும் முன், பார்த்துக்கொள்ளப் போகிறவர் அந்தச் சைகைகளை உங்கள் எதிரிலேயே ஒரு முறை செய்யட்டும்; நாய் அவர் கையைப் பார்த்து உட்காருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.